சத்து மாத்திரை: கடைக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டி.பார்ம் முடித்து கவுண்டருக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்து 16 வருடம் ஆகிறது. முன்பெல்லாம் காய்ச்சல், தலைவலி, கேஸ் மாத்திரைதான் அதிகம் போகும். கொரோனா வந்த வருடம் சிங்க்கும் வைட்டமின் சியும் அட்டை அட்டையாகப் போனது, அன்றைக்குப் பழகிய பழக்கம் இன்னும் விடவில்லை. இப்போது தினமும் பத்துப் பேராவது ஏதோ ஒரு சத்துக்காக வருகிறார்கள், வந்து ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கூட்ட நேரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டு ராத்திரி கடை சாத்தும்போது மனசு உறுத்துகிறது, அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்த மாதிரியே போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. இந்த மாத்திரைகளை விற்றுத்தான் பிழைக்கிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அண்ணாச்சி, சத்து மாத்திரை ஒண்ணு குடுங்க.

இது கேள்வியே இல்லைதான், ஆனால் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சத்து மாத்திரை என்று ஒரு மாத்திரை கிடையாது. இரும்பு, கால்சியம், பி12, வைட்டமின் டி என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்று குறைந்த இடத்தில் இன்னொன்றை எவ்வளவு போட்டாலும் நிரம்பாது. எல்லாம் கலந்த மல்டிவைட்டமினும் இருக்கிறது, அதில் 20, 25 பெயர் எழுதியிருக்கும். ஆனால் நிஜமாகவே ரத்தம் குறைந்தவருக்கு அதில் இருக்கிற இரும்பு யானைப் பசிக்குச் சோளப்பொரி. எது குறைகிறது, ஏன் குறைகிறது என்று தெரிந்துகொண்டு வந்தால் என் வேலையும் சுலபம், உங்கள் காசும் மிச்சம்.

மூணு வேளையும் வயிறு நிறையத்தான் சாப்பிடுறோம். அப்புறம் எப்படி சத்து குறையும்?

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொல்வேன். காலையில் நாலு இட்லி, மதியம் ஒரு தட்டு சோறு சாம்பார், அப்பளம், கொஞ்சம் உருளைக்கிழங்குப் பொரியல், சாயந்திரம் டீயும் பிஸ்கட்டும், ராத்திரி தோசை அல்லது புரோட்டா. எண்ணிப் பாருங்கள்: அரிசி, அரிசி, மைதா, அரிசி. சாம்பாரில் இருக்கிற பருப்பை வடிகட்டி எடுத்தால் ஒரு ஆளுக்கு ரெண்டு ஸ்பூன் தேறுமா என்பது சந்தேகம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், தானியத்திலிருந்து வருகிற கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, இப்போது 50 முதல் 70 சதவீதம் வரை தானியமே அடைத்துக்கொள்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர்த் தட்டு அந்த 70-க்குத்தான் பக்கம். வயிறு நிறைகிறது, பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும் மீனுக்கும் இடம் இல்லாமல் நிறைகிறது.

அதிலும் நாம் சாப்பிடுவது வெள்ளை வெளேர் என்று பட்டை தீட்டிய அரிசி. தவிட்டோடு பி1, கொஞ்சம் இரும்பு, நார்ச்சத்து எல்லாம் மில்லிலேயே தங்கிவிடுகிறது. மிச்சம் இருக்கிற பி வைட்டமினிலும் ஒரு பங்கு வடிகஞ்சியோடு சாக்கடைக்குப் போகிறது. எங்கள் ஆச்சி அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பாள், இப்போது அதை மாட்டுக்குக் கொடுக்கக்கூட வீட்டில் மாடு இல்லை.

அந்தக் காலத்துல யாரு மாத்திரை தின்னா? எங்க தாத்தா 92 வயசு வரைக்கும் இருந்தாரே?

தாத்தா இருந்தார். அவரோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் பெரியவர்களானார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எந்தக் காலமும் பொற்காலம்தான்.

ஒரு கதை சொல்கிறேன். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் எய்க்மன் என்று ஒரு மருத்துவர், பட்டை தீட்டிய அரிசி மட்டும் தின்ற கோழிகள் தள்ளாடி விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் எழுந்து நடப்பதையும் 1890-களில் கவனித்தார். அதே மாதிரி மனிதர்களுக்கு வந்த நோய்க்குப் பெயர் பெரிபெரி, பி1 குறைவதால் வருவது. 1929-இல் அவருக்கு நோபல் கொடுத்தார்கள். அந்த நோயை ஆராயத்தான் 1918-இல் நம் குன்னூரில் மெக்கரிசன் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பித்தார், அதுதான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், மேலே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. ஆக, சத்துக் குறைபாடு நேற்று முளைத்தது இல்லை. ஒன்று மட்டும் ஒத்துக்கொள்கிறேன்: உங்கள் தாத்தா வெயிலில் வேலை செய்தார், கம்பும் கேழ்வரகும் சாப்பிட்டார், சாயந்திரம் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கவில்லை.

புழுங்கலா, பச்சரிசியா, எது நல்லது?

சோற்றுக்குப் புழுங்கல். நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 உள்ளே மணிக்கு இறங்கிவிடும், அப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போகாது. ஆனால் அரிசியை மாற்றிவிட்டு அதே அளவு குவித்துச் சாப்பிட்டால் முந்தின பதிலுக்கு முந்தின பதில் அப்படியே நிற்கிறது.

ரேஷன் அரிசியில பிளாஸ்டிக் அரிசி கலந்து வருதே, பொறுக்கி எறிஞ்சிடலாமா?

எறியாதீர்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்பு, போலிக் அமிலம், பி12 மூன்றையும் கலந்து, இயந்திரத்தில் பிழிந்து அரிசி மணி மாதிரி ஆக்குகிறார்கள். 100 கிலோ சாதா அரிசிக்கு 1 கிலோ வீதம் கலந்திருப்பார்கள். கொஞ்சம் மஞ்சளாகவோ மங்கலாகவோ இருக்கும், கழுவும்போது சிலது மிதக்கும், அதனால்தான் சந்தேகம். ஒரு அம்மா ஒரு கைப்பிடி பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினார். ரெண்டு மணியை எடுத்து டம்ளர் வெந்நீரில் போட்டுவிட்டு அவர் பிரஷர் மாத்திரையை எடுத்துக் கட்டிக் கொடுப்பதற்குள் அது ஊறி, விரலில் நசுக்கினால் மாவாகிவிட்டது. பிளாஸ்டிக் அப்படி ஆகாது.

தலசீமியா மாதிரி உடம்பில் இரும்பு சேரக் கூடாத நோய் இருப்பவர்கள் மட்டும் தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ரத்தம் கம்மின்னு சொல்லிட்டாங்க. பீட்ரூட், மாதுளை, பேரீச்சை சாப்பிட்டா ஏறிடாதா?

சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊற வைக்கும் என்பது ரொம்ப நாள் நம்பிக்கை. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை, மாதுளையில் அதைவிடக் குறைவு. வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நிர்ணயித்திருக்கிறது. மாதுளை நல்ல பழம், பிடித்தால் சாப்பிடுங்கள், இரும்புக்காக அதற்குக் கிலோவுக்கு 200 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை. முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, தட்டைப்பயறு இதெல்லாம் பரவாயில்லை; கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் அந்த இரும்பு உடம்பில் நன்றாகச் சேரும். கறி சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) இருக்கிறது. பிள்ளை பெற்ற வீட்டில் சுவரொட்டி வாங்கிச் சுட்டுக் கொடுக்கச் சொன்ன கிழவிகள் சும்மா சொல்லவில்லை, அதில் இருக்கிற இரும்பு கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும்.

ஆனால் ஹீமோகுளோபின் 8, 9 என்று இறங்கிவிட்டால் சாப்பாட்டால் மட்டும் ஏற்றுவது கஷ்டம், மாத்திரை வேண்டும். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11, ஆண்களுக்கு 13. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21இல் எடுத்தபோது தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரெண்டு பெண் நின்றால் ஒருத்திக்கு என்று அர்த்தம். மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, மூலத்தில் ரத்தம் போகிறதா, குடலில் புழு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு ஆணுக்கோ வயதான அம்மாவுக்கோ திடீரென்று ரத்தம் குறைந்தால் மாத்திரை வாங்க என்னிடம் வராதீர்கள், டாக்டரிடம் போங்கள். எங்கேயோ கசிகிறது.

இரும்பு மாத்திரை போட்டா வயித்தைப் பிரட்டுது, வெளிய கறுப்பாப் போகுது. நிறுத்திடட்டுமா?

கறுப்பாகப் போவது சாதாரணம், உடம்பில் சேராத இரும்பு வெளியே போகிறது. பிரட்டல் பலருக்கு இருக்கும். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும் என்றுதான் சொல்வார்கள், தாங்க முடியாவிட்டால் ராத்திரி சாப்பிட்டபிறகு படுக்கப்போகுமுன் போடுங்கள். கொஞ்சம் குறைவாகச் சேர்கிற மாத்திரை, அலமாரியில் தூங்குகிற மாத்திரையைவிட மேல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். ஒரு மாத்திரை உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைச் சுரந்து, சுமார் ஒரு நாளைக்கு இரும்பை உள்ளே விடாமல் குடலை அடைத்துவைக்கிறது, அதனால் இடைவெளி விட்டால் ஒவ்வொரு மாத்திரையும் அதிகமாகச் சேருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பிணிகள் மட்டும் சொன்னபடி தினமும்.

எனக்கு எரிச்சல் வருவது ஒரு விஷயத்தில்தான். இரும்பு மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டு நேராகப் பக்கத்து டீக்கடைக்குப் போய், டீயோடு சேர்த்து விழுங்குகிறவர்கள். டீயும் காபியும் பாலும் இரும்பை மறித்துவிடும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது விடுங்கள். அப்புறம், ஹீமோகுளோபின் 12 ஆனதும் நிறுத்திவிடாதீர்கள், உடம்பு சேமித்து வைக்கிற இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் போலப் பிடிக்கும். மாத்திரை அட்டையைக் குழந்தை கை எட்டாத இடத்தில் வையுங்கள், மிட்டாய் மாதிரி சிவப்பாக இருக்கும், நாலைந்தை விழுங்கினால் சின்னப் பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து.

ஸ்கூல்ல பிள்ளைக்கு நீல மாத்திரை குடுக்கிறாங்களாம், வேண்டாம்னு சொல்லிடட்டா?

ஏன் வேண்டாம்? அது இரும்பும் போலிக் அமிலமும், வளரும் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று. சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, கர்ப்பிணிகளுக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்திருக்கிறார்கள். காலையில் பட்டினியாக அனுப்பினால்தான் வாந்தி வரும், சாப்பிட வைத்து அனுப்புங்கள்.

வைட்டமின் டி கம்மின்னு ரிப்போர்ட் வந்திருக்கு. நம்ம ஊர் வெயிலுக்கா? ஏமாத்துறாங்களோ?

எல்லாரும் ஏமாற்றுவதில்லை. வெயில் ஊரில் இருக்கிறது, நாம் வெயிலில் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ஆபீஸ், நடுவில் துப்பட்டா, முழுக்கை, குடை. நம் தோல் கறுப்பு என்பதால் வெள்ளைக்காரர்களைவிட அதிக நேரம் நின்றால்தான் அதே அளவு ஊறும். காலை ஆறரை மணி இளவெயிலில் நடந்தேன் என்பார்கள், நடைக்கு நல்லது, டிக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. டியை உண்டாக்குகிற கதிர் சூரியன் உச்சிக்கு ஏறும்போதுதான் தரைக்கு வந்து சேரும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் வராது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

ஆனால் ஒன்று. நிறைய லேப்களில் 30-க்குக் கீழே இருந்தாலே சிவப்பில் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். 20 இருந்தாலே எலும்புக்குப் போதும் என்று சொல்கிற நிபுணர் குழுக்களும் இருக்கின்றன. 26 என்று வந்த ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே வந்த ஒரு அக்காவை உட்கார வைத்து மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

60,000 பவர் டி பாக்கெட் தினமும் ஒண்ணு சாப்பிடலாமா?

இந்தக் கேள்வியை ஒருவர் முன்கூட்டியே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ரிட்டயர்டு வாத்தியார், வேறு ஊரில் மகன் வீட்டில் இருந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது. சீட்டில் வாரம் ஒன்று என்றுதான் இருந்தது, அவர் தினமும் என்று எடுத்துக்கொண்டார். என் கடைக்கு வந்தது மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு. கூடவே வாந்தி, நாக்கு வறட்சி, ஓயாமல் மூத்திரம். எத்தனை நாளாக என்று கேட்டேன், வேறென்ன மாத்திரை என்று கேட்டேன், அவர் பையிலிருந்து காலி பாக்கெட்டை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், ஐம்பது தாண்டியது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தத்தில் கால்சியம் ஏறி, கிட்னி வரைக்கும் போயிருந்தது. பிழைத்துக்கொண்டார்.

பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட். 60,000 என்பது நூறு நாள் அளவு. குறைபாடு இருக்கிறவர்களுக்கு வாரம் ஒன்று வீதம் சுமார் 8 வாரம், அப்புறம் மாதம் ஒன்று என்று டாக்டர் எழுதுவார். அன்றிலிருந்து நான் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் ஸ்கெட்ச் பேனாவில் ‘ஞாயிறு’ என்று எழுதித்தான் கொடுக்கிறேன்.

நாங்க சுத்த சைவம். பி12-க்கு பழைய சோறும் ஸ்பைருலினாவும் போதும்னு வீடியோல சொல்றாங்களே?

பழைய சோறு எனக்கும் பிடிக்கும், சின்ன வெங்காயத்தோடு. ஆனால் பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது. பி12-ஐச் செடி கொடி எதுவும் செய்வதில்லை, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன, நமக்கு அது மீன், முட்டை, கறி, பால் வழியாக வருகிறது. ஸ்பைருலினா என்கிற பாசிப் பொடியில் இருப்பது பெரும்பாலும் பி12 மாதிரியே இருக்கிற, நம் உடம்புக்கு உதவாத ஒன்று. அதைவிட மோசம், சில பரிசோதனையில் அதையும் பி12 என்றே கணக்கில் காட்டிவிடும்.

சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. ஒரு நாள் தேவை 2.2 மைக்ரோகிராம், அதற்குத் தினமும் அரை லிட்டர் போல வேண்டும். டீயில் ஊற்றுகிற அரை டம்ளர் பாலும், தண்ணியாகக் கரைத்த மோரும் கணக்கில் வராது. பால்கூடத் தொடாத வீகன் என்றால் மாத்திரை கட்டாயம், இதில் பேரமே இல்லை. ஊசிதான் போட வேண்டும் என்றும் இல்லை, அதிக அளவு மாத்திரை பெரும்பாலோருக்குப் போதும்.

சுகர் மாத்திரை பத்து வருசமா சாப்பிடுறேன், கால் எரியுது. சுகர்னாலதானே?

இருக்கலாம். ஆனால் மெட்பார்மின் நெடுநாள் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும், பி12 குறைந்தாலும் அதே மாதிரி கால் எரியும், மதமதக்கும். ரெண்டும் ஒன்றாகவும் இருக்கலாம். கேஸ் மாத்திரையை வருடக்கணக்காகக் காலையில் பல் தேய்த்ததும் போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து, அதை நிறுத்தச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள். மெட்பார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள், அடுத்த தடவை சுகர் பார்க்கும்போது பி12-ஐயும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். பி12 குறைந்தவர் போலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியான மாதிரி காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். அதனால்தான் ‘ரத்தம் ஊற’ என்று பொதுவாகக் கேட்கிறவர்களிடம் நான் இத்தனை கேள்வி கேட்கிறேன்.

பி காம்ப்ளெக்ஸ் போட்டா மூத்திரம் மஞ்சளாப் போகுது, சூடா?

சூடு இல்லை, அது பி2-வின் நிறம். தேவைக்கு மேல் போட்டது வெளியே போகிறது.

கால்சியத்தை எப்பப் போடணும்? எல்லா மாத்திரையையும் ஒண்ணா முழுங்கிடலாமா?

கூடாது. கால்சியமும் இரும்பும் ஒன்றை ஒன்று உள்ளே விடாது, குறைந்தது ரெண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த ரெண்டையும் அதிலிருந்து 4 மணி நேரம் தள்ளிவைக்க வேண்டும், இதைத் தெரியாமல் மருந்தின் அளவை ஏற்றிக்கொண்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அட்டையில் கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் சாப்பாட்டோடு, சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் மிச்சம் வீண்.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் போல கால்சியம் இருக்கிறது, பாலில் சுமார் 120. நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மெல்லுகிற வீட்டுக்குக் கால்சியம் விற்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஜிம் மாஸ்டர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றாரு. கிட்னி போயிடுமா?

நல்ல கிட்னி அவ்வளவு சுலபத்தில் போய்விடாது. ஏற்கனவே கிட்னி பழுது இருந்தால் தொடக் கூடாது, பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்பதுதான் சிக்கல், ஒரு கிரியாட்டினின் டெஸ்ட் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். வே பவுடர் என்பது பாலிலிருந்து எடுத்த புரதம், மந்திரம் ஒன்றும் இல்லை.

முதலில் கணக்குப் போடலாம். சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ என்றால் 50 கிராம். எடை தூக்குகிறவருக்கு இதைப்போல ஒன்றரை, ரெண்டு மடங்கு. ரெண்டு முட்டையில் 12, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 10 போல, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, ஒரு கிண்ணம் தயிரில் 6, நீங்கள் சாப்பிடுகிற சோற்றிலேயே 12, 15 வந்துவிடும். சுண்டல் விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் மட்டும் என்று யார் சொன்னது? இதையெல்லாம் செய்தும் எட்டவில்லை, நேரமில்லை என்றால் பவுடர் வாங்குங்கள். மேலே சொன்ன 2024 வழிகாட்டி உடம்பு ஏற்றப் புரோட்டீன் பவுடரே வேண்டாம் என்கிறது, நான் அவ்வளவு கண்டிப்பில்லை.

பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குது. ஹெல்த் டிரிங்கும் பசி டானிக்கும் குடுங்க.

பாலில் கலக்குகிற பவுடர் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள், சர்க்கரை எத்தனையாவது பெயராக வருகிறது என்று பாருங்கள். 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்காதீர்கள் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கே சொன்னது, அந்தப் பெயருக்குச் சட்டத்தில் வரையறையே இல்லை என்பதால். ருசிக்குக் கொடுங்கள், சத்துக்கு என்று நினைக்காதீர்கள். பல பசி டானிக்குகளில் இருப்பது சைப்ரோஹெப்டடின், அலர்ஜிக்கான மருந்து, தூக்கம் வரவைக்கும், பசி அதன் பக்கவிளைவு. பிள்ளை நாலு மணிக்குத் தின்ற பாக்கெட் நொறுக்குத்தீனிதான் ஏழு மணிப் பசியைக் கெடுக்கிறது என்று சொன்னால், ‘அது இல்லாம அழுவான் அண்ணாச்சி’ என்பார்கள். அங்கே எனக்குப் பதில் இல்லை.

முடி கொட்டுது, பயோட்டின் எழுதிக் குடுங்க.

பயோட்டின் குறைபாடு ரொம்ப அபூர்வம். முடி கொட்டும் பெண்களுக்கு நான் முதலில் கேட்பது ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுகிற பெரிட்டினும், தைராய்டும்தான். இதில் வேடிக்கை, பயோட்டின் அதிகமாகச் சாப்பிட்டுக்கொண்டே தைராய்டு டெஸ்ட் எடுத்தால் ரிசல்ட் தப்பாக வரலாம், மாரடைப்புக்கு எடுக்கிற டிரோபோனின் டெஸ்டும் அப்படியே. டெஸ்டுக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வைட்டமின்தானே, கூடப் போனா என்ன ஆயிடப் போகுது?

வாத்தியார் கதையை மேலே சொன்னேன். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைவது, பி2 மாதிரி மூத்திரத்தில் வெளியேறாமல் உடம்பில் தேங்கும். கர்ப்ப காலத்தில் வைட்டமின் ஏ மாத்திரை அதிகமானால் கருவுக்கே கேடு. சிங்க்கை மாதக்கணக்கில் அள்ளிப் போட்டால் செம்பு குறையும்.

பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 1994-இல் முடிவு வெளியானது. கேரட்டில் இருக்கிற அதே பீட்டா கரோட்டின், மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். மாத்திரை தின்றவர்களுக்குத்தான் 18 சதவீதம் அதிகமாக வந்தது. வைட்டமின் சி 1000 மில்லிகிராம் மாத்திரையையும் தினமும் கேட்கிறார்கள், ஒரு நாள் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65. ஒரு நல்ல கொய்யாவில் அது முழுசும் இருக்கிறது, கிட்னிக் கல் பயமும் இல்லை.

எங்க சொந்தக்காரர் ஒரு பவுடர் விக்கிறாரு, முழுக்க இயற்கை, எல்லா நோய்க்கும் கேக்குமாம். வாங்கலாமா?

‘எல்லா நோய்க்கும்’ என்ற வார்த்தை வந்ததுமே காதைப் பொத்திக்கொள்ளலாம், ஆனால் சொந்தக்காரர், கல்யாணம் காட்சியில் முகம் பார்க்க வேண்டும், கஷ்டம்தான். டப்பாவில் 14 இலக்க எண் இருக்கும், அது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம். அந்தக் கம்பெனி பதிவு செய்திருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், பவுடர் வேலை செய்கிறது என்று அர்த்தம் இல்லை. உணவு உரிமத்தில் வருகிற எதுவும் நோயைக் குணமாக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது என்பது சட்டம். ஒரு ஸ்பூனில் எந்தச் சத்து எத்தனை மில்லிகிராம் என்று எழுதாமல் ‘36 மூலிகைகளின் கலவை’ என்று மட்டும் இருந்தால் எனக்கு அது போதும், திருப்பிக் கொடுத்துவிடுவேன். மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்பதும் பொய், அஸ்வகந்தா மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

அப்ப எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துடட்டுமா?

வேண்டாம். 80 டெஸ்ட் 999 ரூபாய் என்று நோட்டீஸ் வரும், 80-இல் ஏதாவது நாலு சிவப்பில் வரத்தான் செய்யும், அந்த நாலுக்கும் நாலு மாத்திரை. களைப்பு, மூச்சு வாங்குதல், வெளுப்பு இருந்தால் ரத்த எண்ணிக்கையும் பெரிட்டினும். கால் எரிச்சல், மறதி, நாக்கு வழவழப்பு, அல்லது சைவம், மெட்பார்மின் என்றால் பி12. எலும்பு வலி, வெளியே போகாத வயதானவர்கள் என்றால் டி. முக்கால்வாசிப் பேருக்கு இதோடு முடிந்தது.

நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க அண்ணாச்சி?

நேற்று ஒரு தம்பி கேட்டது, நியாயமான கேள்வி. பி12 மட்டும். எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி கவுச்சி கிடையாது, அமாவாசை, கார்த்திகை, புரட்டாசி முழுக்கக் கிடையாது, பாலும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. ரெண்டு வருடம் முன்னால் கால் விரல் மதமதத்துப் போய்ப் பார்த்தபோது 160 இருந்தது, 200-க்குக் கீழே என்றாலே குறைவு. டாக்டர் எழுதிக் கொடுத்ததைச் சாப்பிட்டேன், ஏறியது, இப்போது வாரத்துக்கு ரெண்டு. வீட்டுக்காரிக்கு இரும்பு ஆறு மாதம் ஓடி முடிந்துவிட்டது, அவளுக்கு மதியச் சாப்பாடு முடிந்ததும் காபி குடிக்கிற பழக்கத்தை நிறுத்த வைக்கத்தான் மாத்திரையைவிட அதிகப் பாடுபட்டேன். கம்பெனிக்காரர்கள் சாம்பிளாகக் கொடுத்த மல்டிவைட்டமின் பாட்டில் ஒன்று பில் புத்தகத்தின் மேல் இருக்கிறது, பேன் காற்றில் தாள் பறக்காமல் இருக்க.